பதினைந்தாவது பொருள்

பி.காம். கிடைக்கவில்லை,
அதனால் தொல்லியல்.
முதல் நாள் காரணம் கேட்டபோது
முப்பது பேரில் பத்தொன்பது பேர்
இதையே வேறு வேறு மாதிரி சொன்னோம்.
ஆரோக்கியமேரி மேடம்
வருகைப் பதிவேட்டிலிருந்து தலை தூக்கவில்லை.

காரைக்குடிக்கு வெளியே,
கல்லூரிப் பின்மதிலுக்கும் சைக்கிள் கொட்டகைக்கும் நடுவில்
இரண்டுக்கு இரண்டு மீட்டர் குழி.
ஆணி அடித்து, நூல் கட்டி,
வடக்கு எது என்று அரைமணி நேரம் சண்டை போட்டு
இறங்கினோம்.

அதில் பழசு எதுவும் கிடையாது.
மூன்றாமாண்டு புதைக்கும்,
இரண்டாமாண்டு தோண்டும்.
திங்கள் சந்தையில் வாங்கிய கறுப்புச் சட்டியை உடைத்து
ஓட்டில் ஆணியால் ஒரு பெயர் கீறிவைப்பார்கள்.
எல்லா வருஷமும் ஆதன்தானா என்று
செபஸ்தி தன் பெயரையே கீறி
ஐந்து மார்க் இழந்தது போன வருஷத்துக் கதை.
புதைத்தவற்றின் பட்டியல்
ஒட்டிய உறையில் மேடத்தின் பீரோவுக்குள் இருக்கும்.

அப்பாவுக்குக் கானாடுகாத்தானில் வேலை.
வீடு இடிக்கிற காண்ட்ராக்டரிடம் நாள் கூலி.
நிலைக்கதவு போனதும்
ஒரு சுவருக்குப் பத்து நிமிஷம் போதும் அவர் கடப்பாரைக்கு.
எனக்கு ஒரு நாளைக்கு ஐந்து சென்டிமீட்டர்.
"பிரஷ்ஷை வச்சா?" என்றார் ஒருமுறை.
அப்புறம் கேட்கவில்லை.
எனக்கும் வருத்தமில்லை.
குளித்தபின் வாளியில் அடங்குகிற மண்
இரண்டு பேருக்கும் வேறு வேறு நிறம்.

திங்களன்று பதினான்கும் வந்துவிட்டன.
சட்டி, சோழி, துருப்பிடித்த ஆணி,
சுடுமண் என்று நம்பச் சொன்ன களிமண் காளை.
உறையைப் பிரித்தோம், சரியாக இருந்தது.
பைரோஸ் பப்ஸ் வாங்கித் தந்தாள்.

செவ்வாய் மத்தியானம்
வெட்டுமுகம் வரையத் தென்மேற்கு மூலையை நேராக்கும்போது
அவள்தான் கொஞ்சம் அதிகமாகக் கொத்தினாள்.
மண் கெட்டியாக இருந்தது,
பழியை வெயில்மேல் போட்டோம்.
கரண்டி முனையில் ஒரு சின்னச் சத்தம்.
பச்சைக் கண்ணாடி வளையல்,
கால்வட்டம்.

பட்டியலில் இல்லை.
"சீனியர் கையிலேர்ந்து விழுந்திருக்கும்,
கலப்பு. தூக்கிப் போடு."
பைரோஸ் சொன்னது பாடத்தின்படி சரி.
ஆனால் அந்தக் குழியில்
எங்களுக்காக யாரும் வைக்காதது
அது ஒன்றுதான்.

அந்த மூலையைத் தோண்டியவர் உமையாள் அக்கா.
கை நிறையப் பச்சை வளையல்,
கழற்றிவைக்கச் சொல்லிச் சொல்லி மேடம் ஓய்ந்துபோனார்.
எம்.ஏ.வுக்குப் புனே விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தார்.
ஐப்பசியில் கல்யாணம், அங்கிருந்து ஈப்போ.
பதிவேட்டில் அவர் வரிசை நெடுகச் சிவப்புக் கோடு.

அளவுகோல் வைத்து, அம்புக்குறி வைத்து,
நிழல் விழாமல் படம் எடுத்து அனுப்பினேன்.
'உங்களுதாக்கா?'
இரண்டு டிக்.
புதன் போனது, வியாழன் போனது.
கேட்டிருக்கக் கூடாதோ என்று
விடுதி மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது நினைத்தேன்.

வெள்ளி இரவு பதினொன்றரைக்கு வந்தது.
நலமா இல்லை, சிரிப்புப் பொம்மை இல்லை.
'ஆழம் எவ்வளவு?'

முப்பத்தெட்டு என்றேன்.

எழுதுவதும் நிற்பதுமாகக் கொஞ்ச நேரம்.
அங்கே விடியப்போகும் நேரம்.
பிறகு:

'நான் முப்பதோட நிறுத்திட்டேன்.
அதுக்குக் கீழ மண்ணு கெட்டி, யாரும் தொடலை.
என்னுது இல்ல.'

உடனே இன்னொன்று:
'மூலையை மூடிட்டீங்களா?'

பைரோஸை எழுப்பினேன்.
பாதித் தூக்கத்தில்
நூல்கண்டு எங்கே என்று கேட்டாள்.