மேற்குக் கதவு

கூரையும் ஓர் இறக்கைதான் என்று
சோல்ருனுக்கு யாரும் சொன்னதில்லை.
முப்பத்தொரு குளிர்காலம் அதன் கீழே
உருளைக்கிழங்கு வேகவைத்திருக்கிறாள்.

ஃபாரோ தீவுகளில் மரம் அரிது.
ஆட்டிக் காட்ட எதுவும் கிடைக்காத காற்று இது.
புல் எந்தப் பக்கம் படுத்துக் கிடக்கிறதென்று பார்த்து
நேற்றிரவின் அவசரத்தைப் படித்துக்கொள்ள வேண்டும்.

காப்பீட்டு அலுவலகத்திலிருந்து
அளவுநாடாவோடு வந்திருக்கிறேன்.
சுவர்கள் நிற்கின்றன. அடுப்பு நிற்கிறது.
அலமாரியில் ஒரு கோப்பைகூடக் கீறவில்லை.
படுக்கையறையில் மட்டும் வானம்.

"காற்று பிய்த்துக்கொண்டு போய்விட்டது" என்கிறாள்.
என் படிவத்திலும் அதற்கு ஒரே கட்டம்தான்.
காரணம்: காற்று.

எந்தக் காற்று?

மேலே ஓடியது எதையும் பிய்க்கவில்லை.
முகட்டில் ஏறித் தாண்டும் பரபரப்பில்
அழுத்தி உட்கார அதற்கு நேரமில்லை.
கையிருப்பு ஒன்றுதான்.
ஓட்டத்துக்கு அள்ளிச் செலவழித்தால்
அழுத்தத்துக்கு மிச்சம் இருக்காது.
புயல் விரைய விரைய
ஓடுகளின் மேல் அதன் உள்ளங்கை லேசாகியிருக்கும்.

தூக்கியது உள்ளே இருந்த காற்று.
கம்பளிக் காலுறை உலர்ந்த, காபி மணத்த,
எங்கும் போக வேண்டியிராத காற்று.
சும்மா இருந்ததுதான்
தோள்கொடுத்துத் தள்ளியிருக்கிறது.

சொல்வதா வேண்டாமா என்று நாடாவைச் சுருட்டுகையில்
அவளே கேட்கிறாள்:
"மூன்று மணிக்கு வெளியே வாளி உருண்டது.
எடுத்து வைக்கலாமென்று மேற்குக் கதவைத் திறந்தேன்.
திறக்க முடிந்தது, மூட முடியவில்லை.
வீடு ஒரு மூச்சு இழுத்தது.
அதனாலா?"

மேற்கு. புயல் வந்த திசை.
பென்சில் முனையைப் பார்க்கிறேன்.
சுவரில் முட்டி நின்ற காற்று
வேகத்தையெல்லாம் கனமாக மாற்றிக்கொண்டு
அந்த வாசல் வழியே
விருந்தாளிபோல உள்ளே வந்திருக்கும்.

ஆணிகளும் துருப்பிடித்திருந்தன.
விரலால் தொட்டாலே உதிர்ந்தன.

கதவையும் சொன்னேன், ஆணியையும் சொன்னேன்.
மீன் விலை கேட்டவள்போலத் தலையாட்டினாள்.
"அப்படியானால் தூக்கியது என் வீட்டுக் காற்று."
குரலில் கொஞ்சம் பெருமை இருந்ததோ என்னவோ.

படிவத்தில் காற்று என்றே எழுதினேன்.
பொய்யில்லை.
ஆணிக்குக் கட்டமும் இல்லை.

ஹெர்கேயரின் வயலில் கிடக்கிறது கூரை,
முகடு வளையாமல், இறங்கி உட்கார்ந்ததுபோல.
அதற்கடியில் மூன்று ஆடுகள் ஏற்கெனவே குடியேறிவிட்டன.
அவற்றை விரட்டிவிடச் சொன்னதற்கு
"மழை விடட்டும்" என்கிறான்.

காருக்குத் திரும்பும் வழியில்
கிழக்குச் சுவரின் மூலை.
காற்று தொடாமல் சுற்றிப்போகும் ஒரு முழ இடம்.
அங்கே நிமிர்ந்து நிற்கிறது வாளி.
பாதி மழை.
நீரில் ஒரு சுருக்கம்கூட இல்லை.