ஒற்றைக் கிழமை, இரட்டைக் கிழமை

தீர்ப்பில் வீடு எனக்கு, கார் கேதீஸுக்கு.
படகை எழுத எல்லோரும் மறந்துபோனார்கள்.
ஆகவே ஒற்றைக் கிழமைகளில் அவன்,
இரட்டைக் கிழமைகளில் நான்.
எர்லாக் துறையில், பதினேழாம் இடத்தில்,
நீலத் தார்ப்பாயின் கீழ்
நாங்கள் இன்னும் பிரித்துக்கொள்ளாத
ஐந்தரை மீட்டர்.

இருக்கைக்கு அடியில் ஒரு கொப்பி.
அதில்தான் கதைக்கிறோம்:
திகதி, பெற்றோல், பற்றரி.
வேறெதற்கும் கோடு போடவில்லை.

அவனுடைய கையெழுத்தில் எப்போதும்
பன்னிரண்டு புள்ளி ஆறு.
மழைக்கும் அதுதான், வெயிலுக்கும் அதுதான்.
குளிர்பெட்டியை இரவெல்லாம் ஓடவிட்டு
பியர் மூடிகளைப் பொறுக்காமல் போன
ஓகஸ்ட் கிழமையிலும்
பன்னிரண்டு புள்ளி ஆறு.

நான் பீல் நகரத்தில்
கைக்கடிகாரப் பற்சில்லுகளை அளக்கிறவள்.
ஒரே எண் ஏழு தரம் வந்தால்
சில்லை அல்ல, அளந்த ஆளைத்தான் சந்தேகிப்பேன்.
சமையலறை லாச்சியில் கிடந்த மீட்டரைக் கொண்டுபோய்
சிவப்பில் சிவப்பு, கறுப்பில் கறுப்பு வைத்தேன்.
பதினொன்று புள்ளி ஒன்பது.

திறப்பைத் திருப்பினேன். டிக்.
மறுபடியும் டிக்.
கடிகாரமாக இருந்தால் அது போதும்.

கயிற்றை இழுத்தேன். ஆறாவது இழுவையில்
இருமி, புகைத்து, பிடித்துக்கொண்டது.

மோட்டரின் கையேட்டில் ஆறு அம்பியர் என்று இருக்கிறது.
முழு வேகத்தில் என்பது அடுத்த பக்கத்தில்,
எறும்பு எழுத்தில்.
கரையிலிருந்து முந்நூறு மீட்டர் வரைக்கும்
பத்துக்கு மேல் ஓடக்கூடாது என்பது சட்டம்.
ஒன்பது வருடம் நாங்கள் அந்த முந்நூறுக்குள்தான் ஓடினோம்,
லீகெர்ட்ஸின் திராட்சைச் சரிவுகளைப் பார்த்துக்கொண்டு,
மெல்ல,
சத்தமில்லாமல் இருப்பதற்காக.
அந்த வேகத்தில் மோட்டர் தருவது ஒன்றரை.
விளக்கும் ஆழமானியும் குளிர்பெட்டியும் தின்பது ஐந்து.
இதற்கு என் மேசையில் நுண்ணோக்கி தேவையில்லை,
விரல்கள் போதும்.
ஒருவரும் விரல் மடக்கவில்லை.

மஞ்சள் மிதவைகளைத் தாண்டி
ஏரியின் நடுவுக்குப் போய்
கைப்பிடியைக் கடைசிவரை முறுக்கினேன்.
பதின்மூன்று. பதின்மூன்றரை.
பதினாலு புள்ளி ஒன்று.
போக ஓர் இடமில்லை, ஆகவே வட்டமடித்தேன்.
பாய்ப்படகில் ஒருவர் எழுந்து நின்று
பேர்ண் ஜெர்மனில் ஏதோ கத்தினார்.
கை காட்டிவிட்டு மறுவட்டம் போனேன்.
இரண்டு மணித்தியாலம், பதினொரு லீற்றர்.
உள்ளே போனது பன்னிரண்டு.
குறைந்திருந்தது ஐம்பது.

கொப்பியில் எழுதினேன்:
வரும்போது 11.9. பொய் எழுதாதே.
பேனை தாளைக் கிழித்தது.

அடுத்த என் கிழமையில் அவன் பதில்:
மீட்டர் உன்னட்டை.
12.6 எண்டு பற்றரி ஸ்டிக்கரில கிடக்கு.

வீட்டைப் பிரித்த அன்று
கரண்டிகளோடு கரண்டியாக அதை அள்ளிப்போட்டது
நான்தான்.
மூன்று வருடமாக அது
தேயிலை வடிகட்டிக்குப் பக்கத்தில்.
பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினேன்,
என்னுடைய கோடுகளைப் பார்க்க.
பற்றரி: பரவாயில்லை.
பற்றரி: பரவாயில்லை.
மைக்ரோன் அளக்கிறவளின் கையெழுத்து,
நேர்த்தியாக,
பரவாயில்லை.

மீட்டரை ஒரு பிளாஸ்ரிக் பையில் சுற்றி
கொப்பிக்கு மேலே வைத்துவிட்டு வந்தேன்.

ஒற்றைக் கிழமை முடிந்து போனபோது
அவன் எழுதியிருந்தான்: 12.1.
அடுத்த நாள் 12.0.
மூன்றாம் நாள் 11.9, வெட்டி, மறுபடியும் 11.9.
கீழே:
சூரியத் தகடு ஒண்டு இருநூற்று நாற்பது பிராங்.
பாதி பாதி?

கூரையில் ஏறி நாடாவை விரித்தேன்.
பறவை எச்சத்தைச் சுரண்டிவிட்டு
இன்னொரு தரமும் அளந்தேன்.
நூற்று நாலுக்கு ஐம்பத்திரண்டு.
அதை மட்டும் எழுதினேன்.