எட்டாவது மாடி, மழைக்கு மறுநாள்

மழை ஓய்ந்த மறுநாள்தான் வீட்டைக் காட்ட வேண்டும்
என்று தரகர் செனாயித் முதலிலேயே சொல்லிவிட்டார்.
மூன்று வாரம் காத்திருந்தோம்.
நேற்று இரவு பெய்தது.
இன்று போஸ்னா ஆறு தெரிகிறது, அக்கரை மலை தெரிகிறது,
உருக்காலையின் புகைபோக்கிகள்கூட
குளித்துத் துவட்டாமல் நிற்பவை போல.

விடியுமுன் வந்து
சன்னல் இடுக்கில் அப்பா ஒட்டிய டேப்பை உரித்தேன்.
உரித்த இடம் மட்டும் வெள்ளை.
திண்டைத் துடைத்த துணியைக் கைப்பையில் ஒளித்தேன்.
படுக்கையறைத் தரையில் வெளிறிய ஒரு சதுரம்,
ஆக்சிஜன் இயந்திரம் நாலு வருடம் நின்ற இடம்.
அதன்மேல் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

லிஃப்ட் ஓடவில்லை.
வீடு வாங்க வந்தவர்கள்
எட்டு மாடிக்கும் மூச்சு வாங்கினார்கள்.

வேதாத், ஆலைப் பேருந்து ஓட்டுகிறவன்.
அமேலாவின் இடுப்பில் பெண் குழந்தை.
அது கிலுகிலுப்பை போல ஆட்டிக்கொண்டிருந்தது
இன்ஹேலர் மாட்டும் பிளாஸ்டிக் குழாயை.

"காற்று நல்லா வரும்" என்றார் செனாயித்.
அமேலா சன்னலுக்குப் போனாள்.
திண்டைத் தொடவில்லை.
நான் மறந்துபோன மேல்சட்டத்தில் விரலை ஓட்டினாள்.
விரலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

மலைக்கு அந்தப் பக்கம் சதுர மீட்டர் மூவாயிரம் மார்க்.
இங்கே ஆயிரத்து நானூறு.
நடுவில் ஒரு சுரங்கப்பாதை, ஏழு நிமிடம்.

இன்னும் குறைக்கலாம் என்று வாயெடுத்தேன்.
"நாங்க தரைத்தளத்தில் இருக்கோம்.
பனிக்காலத்தில் புகை அங்கேதான் வந்து படுக்கும்.
இங்கே ஆறாவது மாடியோடு நின்னுடும்னு சொல்றாங்களே,
நிஜமா?"

சில நாள், என்றேன்.
அன்று முழுக்க நான் சொன்ன உண்மை அவ்வளவுதான்.

ஆலைக்கு வடிகட்டி வருகிறதாம், விலை ஏறிவிடும்,
சீக்கிரம் முடிவெடுங்கள் என்றார் செனாயித்.
வேதாத் சிரித்தான்.
"புகை இருக்கிறவரைக்கும்தான் இந்த வீடு எங்க கைக்கு எட்டும்."
குழந்தை இருமியது.
அமேலா கூரையைப் பார்த்தாள்,
மேல்வீட்டில் யாரோ இருமியதைப் போல.

அவன் நாற்காலியை நகர்த்தினான்.
சதுரத்தைக் காலால் அளந்தான்.
"தொட்டில் இங்கே சரியா இருக்கும்."

ஒரு மாதம் கழித்துச் சாவி கொடுத்த அன்று
அக்கரை தெரியவில்லை. ஆறும் தெரியவில்லை.
கைப்பையில் கிடந்த டேப் சுருளையும் நீட்டினேன்.
எதற்கென்று அவள் கேட்கவில்லை.
குழந்தையை என்னிடம் தந்துவிட்டு
பல்லால் கடித்து
முதல் துண்டைக் கிழித்தாள்.