ஒரு கொப்பி வைச்சிருங்கோ

பதினேழு.
கருவாடு காயப்போட்ட மாதிரி
மேசை நீளத்துக்குப் பரப்பினேன்.
வெள்ளை மையால் நான் இட்ட இலக்கங்கள்
சிலதில் உரிந்துவிட்டன.
நாற்பது கிகா, எண்பது கிகா.
சட்டைப்பையில் கிடக்கும் நகமளவுத் துண்டு
இத்தனையையும் விழுங்கிவிட்டு
இன்னும் பசிக்குது என்னும்.

கச்சேரிக்கு எதிரே கடை போட்டவனிடம்
யார் கவிதை அடிக்க வருவார்கள்?
இடமாற்ற விண்ணப்பம், பிறப்புப் பதிவில் பிழைதிருத்தம்,
மின்சார சபைக்கு முறைப்பாடு,
மாப்பிள்ளை பகுதி கேட்ட காணி விபரம்.
தாளை நாலாய் மடித்துப் படியிறங்கும்போது
எல்லாரும் ஒன்றைத்தான் சொன்னார்கள்:
அண்ணை, ஒரு கொப்பி வைச்சிருங்கோ.
வைத்தேன்.
கேட்டு வந்தவர் இல்லை.

ஐந்து சந்தியிலிருந்து நிஸ்தார் தராசோடு வந்தார்.
"முழுசாத் தந்தால் ஒரு விலை.
கழட்டித் தந்தால் அலுமினியம் வேறை, போர்ட் வேறை."
பிறகு குரலைத் தணித்து,
"உள்ளுக்கு ஏதும் இருக்கோ?"
உள்ளுக்கு யாழ்ப்பாணம் இருக்கு
என்று சொல்ல வாய் உன்னியது.
"கடதாசி அலுவல்தான். நாளைக்கு வாங்கோ."

அழித்தால் அழியாதாம்.
பெயர்ப்பலகையைத்தான் கழற்றுகிறாய்,
வீடு அப்படியே நிற்கும் என்றான் மருமகன்.
ஆகவே டிரில்.

ஒன்பதாம் இலக்கத்தை மட்டும்
ஏனோ ஒருமுறை கொழுவிப் பார்த்தேன்.
நாலு தரம் விக்கிவிட்டு எழும்பியது.
'கிணறு' என்று ஒரு கோப்புறை.
சண்டிலிப்பாய்ப் பூலோகசிங்கம் திங்களில் வருவார்,
தம்பி திரிலோகசிங்கம் வியாழனில்.
எட்டில் ஒரு பங்கும் வழிவாய்க்கால் உரித்தும்
எனக்கே என்பார் ஒருவர்.
பங்குமில்லை வாய்க்காலுமில்லை என்பார் மற்றவர்.
பதினொரு வருடம்.
இருவருக்கும் ஒரே எழுத்துரு, ஒரே 'கனம் ஐயா'.
அண்ணனின் வசனத்தைக் கூராக்கியவன் நான்.
அதை முறிக்கத் தம்பிக்குச்
சொல் எடுத்துக் கொடுத்தவனும் நான்.
செத்தவீட்டிலும் முகம் பார்க்காத இரண்டு பேரும்
ஒரே தட்டில், மயிரிழை இடைவெளியில்,
நிமிடத்துக்கு ஏழாயிரம் தரம்
சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

துளை இருவரையும் சேர்த்தே போனது.
உள்ளே கண்ணாடிபோல் ஒரு வட்டம்.
அதில் என் மூக்கு மட்டும் பெரிதாய்.

ஒன்பதரைக் கிலோ.
காந்தங்களைப் பக்கத்துத் தையல்கடை அருட்செல்வி
குண்டூசி பொறுக்கவென்று வாங்கிப்போனாள்.
நிஸ்தார் தந்த காசுக்குப்
பிரிண்டருக்கு மை வாங்கினேன்.

எட்டாம் நாள் ஸ்கூட்டியில் ஒருத்தி.
ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
"பூலோகசிங்கத்தாற்றை மகள்.
உங்களிட்டை ஒரு கொப்பி இருக்கெண்டு
அப்பா சாகமுதல் சொன்னவர்.
சித்தப்பாவோடை இப்ப கதைச்சுப்போட்டம்,
காணியை ஒண்டாய் விக்கப்போறம்.
லோயர் பழைய கடிதங்களைப் பாக்கவேணுமாம்."

கதிரையைக் காட்டினேன்.
"பழசு இல்லைப் பிள்ளை.
ஞாபகத்திலை இருந்துதான் அடிக்கவேணும்."
"பறவாயில்லை, வாசிக்கத்தானே."

விரல்களுக்குத் தெரிந்திருந்தது.
கனம் ஐயா. மேற்படி கிணறு.
மூன்றாம் பந்தியில் கை நின்றது.
'நீதியின் கண்முன் நிற்கும் இந்த வாய்க்கால்.'
இது யார் சொன்னது?
அண்ணனா, தம்பியா,
பின்னேரம் தேத்தண்ணி குடித்தபடி நானா?
திகதி போடாமல் விட்டேன்.

வாங்கி, நாலாய் மடித்து,
படியில் ஒரு கால் வைத்துத் திரும்பினாள்.
"ஒரு கொப்பி..."
"ஓம் ஓம், தெரியும்."

திரையில் சின்னப் பெட்டி:
சேமிக்கவா?
நான் அடுத்த ஆளுக்குப் போட்டோக்கொப்பி எடுத்தேன்,
சில்லறை மாற்றினேன்,
வாசலைக் கூட்டினேன்.
மத்தியானம் கரண்ட் போகும்வரை
அது கேட்டுக்கொண்டே நின்றது.