நீ என்பவரின் கைபேசி

அவருடைய குடும்பப் பெயர் நீ.
முதல் நாள் அட்டையில் பார்த்துச் சிரித்துவிட்டேன்.
சனிக்கிழமை வகுப்பில் கற்ற கொஞ்சத் தமிழில்
எனக்குத் தடுக்காமல் வரும் சொல்.
மிஸ்தர் நீ.
எவ்வளவு மரியாதை சேர்த்தாலும்
நீங்கள் ஆகாத பெயர்.

ரோஸ் பெல் தாண்டி, கரும்பை வழித்தெடுத்த நிலத்தில்
அவர்கள் பாலம் கட்டினார்கள். நான் வேன் ஓட்டினேன்.
கொட்டகைச் சுவரில் சிவப்புத் துணி, மஞ்சள் எழுத்து;
அதன் கீழே சோறு வேகும் மின்பானை,
பதினோரு ஜோடி மண் பூட்ஸ்.

ஜூலையில் ஆறாம் தூணிலிருந்து லுவோ விழுந்தான்.
சிச்சுவான்காரன். என்னிடம் அஷார் கேட்டு வாங்கி
காரம் போதாது என்பவன்.
படிவத்தில் வயது, ரத்த வகை,
மதம் என்ற கட்டத்தில் ஒரு கோடு.
கூட்டம் போட்டார்கள்,
தலைக்கவசம் பற்றி ஒன்றரை மணி நேரம்.
அதன்பின் ஆறாம் தூண் பக்கம்
யாரும் ஒன்றுக்குப் போகவில்லை.
அதைத் தீர்மானமாக எவரும் எழுதவில்லை.

அந்த வியாழன் மிஸ்தர் நீ முன்னிருக்கையில் ஏறினார்.
"போர் லூயி. லெ சலின்."
கடலோரம் சிவப்புக் கோயில். இறங்குமுன்
கைபேசியை என் மடியில் வைத்தார்.
கட்சிச் செயலி. அன்றாடம் படித்தாக வேண்டும்.
கட்டுரைக்கு ஒரு புள்ளி, காணொலிக்கு ஒரு புள்ளி,
பாதியில் அணைத்தால் ஒன்றுமில்லை.
திரை இருட்டாமல் பார்த்துக்கொள் என்று
விரலால் மேலே தள்ளிக் காட்டினார்,
தூங்கி விழும் பிள்ளையைப் படிக்கச் சொல்லித் தொடுவது மாதிரி.

உள்ளே குவான் தீ.
சிவந்த முகம், நெஞ்சுவரை தாடி, ஆளுயர வாள்.
எங்கள் தோட்டத்து முனீஸ்வரனுக்குச் சீனாவில் வேலை கிடைத்தால்
இப்படித்தான் இருப்பார்.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் மதாம் லாம் ஷியோங்குக்கு
ஹக்காவும் கிரியோலும்தான்.
இவருக்கோ மாண்டரினும் உடைந்த ஆங்கிலமும்.
வாசலிலிருந்து கூப்பிட்டார்கள்.
இரண்டு சீனர்களுக்கு நடுவே மொழிபெயர்ப்பாளன் நான்,
கையில் அணையக் கூடாத ஒரு பேருரை.
"யாருக்காக என்று கேள்," என்றாள்.
"உறவில்லை," என்றார்.
"பெயராவது?"
அவர் தாளில் எழுதினார். அவளுக்குப் புரிந்துவிட்டது.
படிக்கத் தெரியாதவன் நான் ஒருவன்தான்.

காகிதப் பணம் எரிந்தது.
கட்டட வரைபடத் தாளில் அவரே மடித்த
ஒரு தலைக்கவசமும்.

திரும்பும் வழியில் கேட்டேன், நம்புகிறீர்களா என்று.
"நான் கட்சி உறுப்பினன்."
ரெதுய் வளைவு தாண்டியபின்
"லுவோ இல்லை," என்றார்.

நான் சிரிக்கவில்லை.
எங்கள் காவடியன்று மந்திரி வருகிறார்,
செருப்பைக் கழற்றிவிட்டு மேடையேறுகிறார்.
வேலுக்கு ஒரு கும்பிடு, பிறகு நாற்பது நிமிடம்.
நாக்கில் அலகு குத்தியவர்கள்
பதில் பேச முடியாது.

வியாழன்கள் தொடர்ந்தன. வினாடி வினாவும் வந்தது.
இருப்பதில் நீளமான விடையைத் தொட்டேன்,
பெரும்பாலும் சரியாக இருந்தது.
செப்டம்பரில் கொட்டகைச் சுவரில் மிஸ்தர் நீயின் படம்,
மார்பில் சிவப்பு நாடா, மாதத்தின் முதல் மாணவர்.
எல்லோரும் கைதட்டினார்கள். நானும்,
கொஞ்சம் கூடுதலாகவே.

இன்று வேன் கதவைத் திறந்தால்
பின்னிருக்கையில் கிளைச் செயலாளர் வெய்,
புள்ளிகளைச் சரிபார்க்கிறவர்.
போர் லூயி வரை யாரும் பேசவில்லை.
மிஸ்தர் நீயின் கழுத்து வியர்த்திருந்தது,
ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.
கோயில் வாசலில் வெய் இறங்கினார்,
கண்ணைப் பார்க்காமல்
தன் கைபேசியையும் என்னிடம் நீட்டினார்.

இரு தொடையிலும் ஒரே குரல் இப்போது,
அரை நொடி முன்பின்னாக,
திருவிழாத் தெருவில் தூரத்து ஒலிபெருக்கிகள் போல.
இரண்டு கட்டைவிரலாலும் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.
ஊதுபத்திப் புகை ஜன்னல் வழியாக வருகிறது.
கேள்வி நான்கு.
எல்லா விடையும் ஒரே நீளம்.