பார்வை மைனா

சலாலாவில் சாரல் பிடித்த மூன்றாம் வாரம்.
கறிக்கடைக்குப் பின்னால், குப்பைத்தொட்டியை ஒட்டிக்
கூண்டை வைத்துவிட்டு
வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறோம்
நானும் தாத் கரீமும்.

கூண்டுக்கு இரண்டு அறை.
ஒன்றில் எப்போதும் ஒரு மைனா இருக்க வேண்டும்.
சோறு, தண்ணீர், நிற்க ஒரு குச்சி.
குறை வைப்பதில்லை.
கவுதாரி பிடிப்பவர்கள் இதைப் பார்வை என்பார்கள்.
கம்பெனித் தாளில் இதற்கு எண் ஏழு.

முதல் வாரம் வெறும் கூண்டில் ரொட்டி வைத்துப் பார்த்தோம்.
வந்தன. தலையைச் சாய்த்து
மஞ்சள் கட்டிய கண்ணால் அளந்தன.
சம்பளநாள் குமாஸ்தா மாதிரி ஒரு சுற்று நடந்து
போய்விட்டன.
மைனாவுக்குப் பசி பெரிதில்லை.
இன்னொரு மைனா தின்பதைப் பார்க்க வேண்டும் அதற்கு.

சாயங்காலம் அவை அடையும் மரத்தடியில்
போன் பேச முடியாது.
சிக்னல் கம்பத்துக் குழாய், ஏசிப் பெட்டியின் முதுகு,
பப்பாளிக் கடைக் கூரை என்று
பகலெல்லாம் பிரிந்து கிடந்தவை
இருட்டுமுன் ஒன்று கூடி
ஒரே நேரத்தில் பேசும். ஒன்றும் காதில் வாங்காது.
பிறகு யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி நிற்கும்.
எங்கள் அறையும் அப்படித்தான். எட்டுக் கட்டில்,
பத்தரைக்கு விளக்கு.

உவமை சொல்லக் கூடாது என்றுதான் இருக்கிறேன்.

ஏழு கூப்பிடத் தொடங்குகிறது.
ஒரு கீச்சு, ஒரு கரகரப்பு, வாய் கொப்பளிக்கிற ஒலி,
நடுவே ஒரு குனிவு, பிடரிச் சிலிர்ப்பு.
பயம் என்கிறார் தாத் கரீம்.
பேச்சுத்துணை தேடுது என்கிறேன்.
எதுவானாலும் வெளியே நிற்பதற்கு
அது 'வா' என்றுதான் கேட்கிறது.
சிறகின் வெள்ளை விரிய இறங்குகிறது ஒன்று,
பின்னாலேயே அதன் ஜோடி.
கதவு விழும் சத்தம் அப்படியொன்றும் பெரிதில்லை.

இன்று பதினொன்று என்று எழுதினேன்.
சாக்கை தாத் கரீம் கொண்டுபோனார்.
எங்கே என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ராத்திரி மச்சினன் முகிலரசன் வாய்ஸ் அனுப்பியிருக்கிறான்.
'மாமா, அங்க எப்படி? ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேக்கறான்.'
நாலு வருசம் முன்பு எனக்கொன்று வந்தது,
இருளப்பன் இதே அறையிலிருந்து அனுப்பியது.
'சாப்பாடு பிரச்சினையில்ல மாப்ள.
மழைகூடப் பெய்யுது.'
இரண்டும் உண்மை.

மைக்கை அமுக்கிப் பிடித்திருக்கிறேன்.
சிவப்புப் புள்ளி எண்ணுகிறது.
ஆறு. ஏழு. எட்டு.
எட்டுக் கட்டிலும் பேசிக்கொண்டிருக்கின்றன.
தொண்டையைச் செருமுகிறேன்.
அதுவும் பதிவாகிறது.