இரண்டாம் ஆண்டு அறிக்கை

ரூபாய் விழுந்த கிழமை நாங்கள் பணக்காரரானோம்.
யூரோவில் வந்த நிதி
வங்கியில் கிடந்தபடியே இரட்டித்தது.
கோண்டாவிலில் சனம்
மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு
பெற்றோலுக்கு நிற்க,
நாங்கள் இரண்டாவது ஸ்கானர் வாங்கினோம்.
எமில்டா தன் பழைய சேலையைக் கிழித்து
அதற்கொரு மூடுதுணி தைத்தாள்.

திட்டத்தின் பெயர் ஒரு மூச்சில் சொல்ல முடியாது.
மூன்று பல்கலைக்கழகம், இரண்டு நேர வலயம்,
கொக்குவிலில் ஒரு வாடகை அறை.
வேலை என்னவோ சின்னது:
முப்பத்தோராம் நாள் சாப்பிட்டு எழும்ப
வாசலில் கையில் தருவார்களே கல்வெட்டு,
அதை விரித்துப் படம் பிடித்து
பிறந்த ஊர், புகுந்த ஊர், மறைந்த ஊர் என்று
பெட்டிகளை நிரப்புவது.
நாலாயிரத்து இருநூறு சாவு.
படிவம் அவற்றைப் பொருட்கள் என்கிறது.

எறும்புப் பவுடருக்கு வரவுசெலவில் தலைப்பில்லை.
ஏனையவைக்குள் போட்டேன்.

போன செவ்வாய், ஜேர்மனியிலிருந்து
யொஹன்னா திரையில் துள்ளினாள்.
கணினி கண்டுபிடித்துவிட்டதாம்:
ஒரே புலம்பல், அறுபத்தொரு புத்தகத்தில்,
பெயர் மட்டும் மாறி.

    கிணற்றடி வாழைக்குத் தண்ணீர் கட்டிய கை
    இனி எந்தக் கிணற்றடியில் ஈரம் உலர்த்துமோ

அட்டவணையில் முப்பத்தெட்டாவது வரி
என் அம்மா.

என் முகம் அசையாததை
இணையக் கோளாறோ என்று கேட்டாள்.
ஓம் என்றேன்.

பதினொரு வருடம்
அது அம்மாவுக்கென்றே எழுதினது என்றிருந்தேன்.
எங்கள் கிணற்றடியில் உண்மையாகவே வாழை நின்றது,
இரண்டு கதலி.
சித்தப்பா அச்சகத்துக்குப் போய்
எல்லாம் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன்.
அண்ணா சூரிச்சிலிருந்து அனுப்பிய காசு:
அச்சுக்கூலி, அட்டைப்படம், பாட்டுக்குத் தனி.
அதுவும் சர்வதேச நிதிதான்.
ஒருவரும் அறிக்கை கேட்கவில்லை.

அன்றிரவு அந்தப் புலவனை ஏசினேன்.
அவன் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.
பிறகு மற்ற அறுபது பேரையும் திறந்தேன்.
இணுவிலில் ஒரு புகையிலைத் தரகர்.
வேலணையில் பள்ளி மணி அடித்த ஒருவர்.
வாழை இல்லாத வளவு அங்கே ஏது.

நாற்பத்தொன்பதாவது ஆள்
மயிலிட்டியிலிருந்து எழும்பி
மல்லாகம் முகாமில் செத்தவர்.
பதினேழு வருடம் தகரமும் குழாயடியும்.
கிணறும் இல்லை, வாழையும் இல்லை.
அவருக்கும் கொடுத்திருக்கிறான்
ஒரு கிணற்றடி,
ஒரு வாழை,
ஈரமான கை.

வெள்ளிக்கு முன் கட்டுரைச் சுருக்கம் கேட்கிறாள் யொஹன்னா.
தலைப்பை அவளே தந்திருக்கிறாள்: வாய்பாட்டுத் துயரம்.
மென்பொருள் கேட்கிறது: முப்பத்தெட்டு நகலா, ஆம், இல்லை.
இரண்டையும் அமத்தாமல் வைத்திருக்கிறேன்.

நிதி கூட்டாமல்
ஆறு மாத நீடிப்புக்கு எழுதவேண்டும்.
தாமதத்திற்கான காரணம், ஐம்பது சொல்லுக்குள்.
எறும்பு, கரண்ட்
என்று தொடங்கியிருக்கிறேன்.